அடகு நகையும் புளியமரமும்

1987 செப்டம்பர் 1ஆம் தேதி பொன்பரப்பியில் ஒரு வங்கிக்குள் ஐந்து பேர் ஆயுதங்களோடு நுழைந்தார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்களை ஊர் சூழ்ந்துகொண்டது. கல்லும் கட்டையுமாக ஐந்து பேரையும் அடித்தே கொன்றுபோட்டார்கள். செத்தவர்களில் ஒருவர் தமிழரசன். கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், நக்சல்பாரி அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டுவிட்டு வந்து, பின்னாளில் தமிழ்நாடு விடுதலைப் படையைக் கட்டியவர். கூட்டத்துக்குள் மஃப்டியில் போலீஸ்காரர்கள் இருந்தார்கள், முதல் அடி அவர்கள் போட்டதுதான் என்று அவருடைய தோழர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கையில் துப்பாக்கி இருந்தும் ஜனங்களைப் பார்த்துச் சுட அவருக்கு மனம் வரவில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். முதல் அடியைப் போட ஒரு கை போதும். ஐந்து உயிரும் போகிற வரைக்கும் ஊரே அடித்ததே, அது ஏன்?

எனக்குத் தோன்றும் விடை அந்தப் பருவத்தில் இருக்கிறது. செப்டம்பர் முதல் தேதி என்றால் ஆவணி நடு. ஆடிப் பட்டத்து விதைக்கும் உரத்துக்கும் நகையை வைத்துக் கடன் வாங்குவது நம் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் ஆண்டுதோறும் நடப்பது. தோடும் வளையலும் ஆடியில் வங்கிக்குள் போகும். அறுவடை முடிந்து தை, மாசியில் வட்டியோடு மீண்டு வரும். சில வருஷம் வராது. ஆவணி மாதத்தில் ஒரு கிராமத்து வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் இருப்பது பாதி அந்த ஊர்ப் பெண்களின் கழுத்தும் காதும்தான். தமிழரசனுக்கு அந்தக் கட்டடம் அரசின் கருவூலம். வெளியே நின்றவர்களுக்கு அது வேறு. பெண்டாட்டியின் சங்கிலியை எவனோ பையில் போட்டுக்கொண்டு போகிறான் என்றால் எந்தக் குடியானவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? இது என் ஊகம்தான். ஆனால் மக்களுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த ஒருவருக்கு அந்த மக்களின் நகை எந்த மாதத்தில் எங்கே இருக்கும் என்பது நினைவுக்கு வராமல் போயிருந்தால், தீவிர அரசியலின் குறை துப்பாக்கியில் மட்டும் இல்லை என்று ஆகிறது.

அவருக்கு ஆசான் முறை ஆகக்கூடிய புலவர் கலியபெருமாள் பெண்ணாடத்துக்காரர், தமிழாசிரியர். சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாக்கியவர். 1970இல் அவருடைய தோப்பில் வெடிகுண்டு செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து மூன்று இளைஞர்கள் செத்தார்கள். புலவருக்குத் தூக்குத் தண்டனை விழுந்து, பிறகு ஆயுளாகக் குறைந்து, 1983இல் வெளியே வந்தார். தன் வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு ‘மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்.’ அவர் வழியில் வந்தவருக்கு மக்கள் கையாலேயே மரணம். இரண்டும் நடந்தது வெள்ளாற்றின் இரு கரைகளில், ஒரே விதமான மண்ணில். இடையில் 1987 மார்ச்சில் மருதையாற்றுப் பாலத்தில் வெடிவைத்து ரயிலைக் கவிழ்த்ததில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தமிழ்த்தேசியத்துக்கும் அந்த ரயிலில் தூங்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் என்ன கணக்கு என்று இன்றுவரை யாரும் தெளிவாகச் சொல்லி நான் கேட்கவில்லை. ‘விடுதலை’ படம் இரண்டு பாகமாக வந்து போன பிறகு புலவரைப் பற்றி இளைஞர்கள் நிறையப் பேசுகிறார்கள். மருதையாற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பொன்பரப்பி நடந்து பதினாறு நாளில், அதே செப்டம்பரில், நான் இருக்கும் குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் வேறொரு எழுச்சி வந்தது. இதற்கு ஆயுதம் துப்பாக்கி இல்லை, ரம்பம். வன்னியர் சங்கம் செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தது. மாநிலத்தில் இருபது சதவீதம், மத்தியில் இரண்டு சதவீதம் என்பது கோரிக்கை. எம்.ஜி.ஆர். சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் சாலையோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். பாலங்களை உடைத்தார்கள். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில்தான் குறிஞ்சிப்பாடி இருக்கிறது. அடுத்த வடலூரில் பண்ருட்டியிலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகிற சாலை அதைக் குறுக்கே வெட்டும். நான்கு பக்கமும் மரத்தைச் சாய்த்துவிட்டால் நாங்கள் தீவு.

மறியல் என்றால் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மரம்தான் நினைவுக்கு வரும். நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது:

“வெட்டுனது ஒரு ராத்திரி வேல தம்பி. எடுத்துப் போடத்தான் எங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சிது. ரெண்டாளு சேந்து கட்டிப் புடிச்சாலும் கை எட்டாத மரம். வெள்ளக்காரன் காலத்துது.”

“வெட்டுனவங்க யாருன்னு தெரியுமாண்ணே?”

“ஏன் தெரியாது? எங்க ஊருப் பயலுவோதான். ரம்பத்துல ஒரு பக்கம் புடிச்சவன் என் மச்சான். அவன் சாய்ச்சத மறுநாளு கடப்பாறையோட போயி நான் பொரட்டுறேன். ‘யோவ் மாமா, உன் புள்ளைக்குந்தான்யா கேக்குறோம்’னான். நான் இன்னா சொல்றது, கவர்மெண்டு சம்பளம் வாங்குறேன்.”

அவர் பிள்ளை பிறகு மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் சேர்ந்து இன்றைக்கு வேலையில் இருக்கிறார். 1989இல் கருணாநிதி அரசு நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளைச் சேர்த்து இருபது சதவீதத்தைத் தனியாகப் பிரித்தபோது அந்த மச்சான் கேட்டது பாதியாவது வந்து சேர்ந்தது. ஆகவே மரம்வெட்டிகள் என்று ஒரே சொல்லில் அந்தப் போராட்டத்தை இளக்காரம் செய்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி இளக்காரம் செய்தவர்கள் பெரும்பாலும் சாலையில் காரில் போகிறவர்கள். ஏர் பிடிப்பதிலும் கல் உடைப்பதிலும் மூன்று தலைமுறை போன பிறகு, படித்த பிள்ளைக்கும் இடம் இல்லை என்ற ஆத்திரம் பொய்யில்லை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அந்த வாரம் செத்தவர்கள் 21 பேர். அவர்கள் யாரும் தலைவர்கள் இல்லை.

ஆனால் அந்தப் புளியமரத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. சாலையோரப் புளியை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் உலுக்கிக் கொண்டுவந்து கொட்டுகிற பழத்தை ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலைக்குக் காலனிப் பெண்கள் போவார்கள். வயலில் வேலையே இல்லாத மாசி, பங்குனி, சித்திரையில் கிடைக்கும் கூலி அது ஒன்றுதான். மறியலில் அறுத்தது அரசாங்கத்தின் மரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பொன்பரப்பியில் வங்கிப் பணம் அரசாங்கப் பணம் என்று நினைத்ததைப் போல.

அந்தக் கலவரத்தில் காலனிகளும் எரிந்தன. தென்னார்க்காட்டில் பல ஊர்களில் தலித் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. இட ஒதுக்கீடு கேட்கிற போராட்டத்துக்கும் சேரியின் கூரைக்கும் என்ன சம்பந்தம்? அரசோடு சண்டை போட இறங்கிய கூட்டத்துக்கு அரசு எட்டாத தூரத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்தது காலனி. அதோடு, தங்களுக்குக் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்ற புகைச்சலும் இருந்தது. 21 பேருக்கு விழுப்புரத்தில் அரசே மணிமண்டபம் கட்டி 2025 ஜனவரியில் திறந்துவைத்தது. செத்தவர்களுக்கு அது தகும். எரிந்த குடிசைகளுக்கு என்று எங்கேயும் ஒரு கல் நட்டு நான் பார்த்ததில்லை. குடிசையை மறுபடி வேய்ந்துவிடலாம், அதனால் அது சேதக் கணக்கில் மட்டும் வரும்.

மறுபடி வேய்ந்ததற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நான் பலரிடம் கேட்டுத் திரிந்திருக்கிறேன். கலவரம் எப்படித் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருக்கும். எப்படி முடிந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தாசில்தார் வந்து அமைதிக் கூட்டம் போட்டார், இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள் என்பார்கள். கையெழுத்து போட்ட அன்றைக்கும் ஊர்த் தெருவில் காலனி ஆட்கள் நடக்கவில்லை, ஊர்க் கடையில் அவர்களுக்குச் சாமான் கொடுக்கவில்லை. போலீஸ் வேன் கோயில் வாசலில் நின்றது. புரட்டாசி அப்படியே போயிற்று.

ஐப்பசியில் பரவனாற்றுப் பக்கம், பெருமாள் ஏரிப் பாசனத்தில், நடவு. நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போனால் தூர் கட்டாது. நடவாள் எல்லாம் காலனியில் இருக்கிறார்கள். ஒரு வயதான அம்மா, அன்றைக்கு நடவுக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர், சொன்னார்: “ஆண்டை வூட்டம்மா வரப்புல நின்னுக்கிட்டு என் பேரச் சொல்லிக் கூப்புடல. ‘ஆளு வருமா’ன்னு யாரையோ கேக்குறாப்ல காத்தோட கேட்டுச்சி. நானும் அது மொகத்தப் பாக்காம ‘வரும்’னுட்டேன். கூலி எட்டணா கூடப் போட்டுச்சி. எதுக்குன்னு அதுவும் சொல்லல, நாங்களும் கேக்கல.” முதல் நாள் நடவில் குலவை இல்லை, பாட்டும் இல்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருத்தி வாய்தவறிப் பாட ஆரம்பித்தாளாம்.

இதைச் சகோதரத்துவம் மீண்டது என்று எழுதினால் அது பொய். ஒரு தரப்பிடம் நிலம் இருந்தது, மறு தரப்பிடம் கை இருந்தது. எரிந்த வீட்டுக்காரிதான் எரித்த வீட்டு வயலில் இறங்கினாளே தவிர, எரித்தவர் யாரும் கீற்று முடைந்து கொடுக்க வரவில்லை. எட்டணாதான் மன்னிப்பு. ஆனாலும் ஊர் மறுபடி ஊராக நடமாடத் தொடங்கியது அந்த எட்டணாவிலிருந்துதான், தாசில்தாரின் காகிதத்திலிருந்து இல்லை. நாம் சமூக நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறதெல்லாம் தரையில் பெரும்பாலும் இப்படிப்பட்ட தேவைதான். தேவை என்பது நீதி இல்லை. அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பிறகு பார்த்தோம்.

இன்றைக்கு அந்த வயல்களில் அறுப்பு மெஷின் இறங்குகிறது. நடவுக்கு வெளியூர்க் கூட்டம் ஏக்கருக்கு இத்தனை என்று பேசி லோடு வண்டியில் வந்து இறங்குகிறது. நூறுநாள் வேலைத் திட்டம் 2006இல் நாட்டில் முதல்முதலாகத் தொடங்கிய மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அதற்கப்புறம் ஆண்டை வீட்டு வரப்பைப் பார்த்துக்கொண்டு காலனியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பையன்கள் சென்னையில் கட்டட வேலை, திருப்பூரில் தையல், படித்தவர்கள் ஓசூர் என்று போனார்கள். ஓடு போய் காங்கிரீட் வந்தது, வாசலில் பைக் நின்றது. ஊருக்கும் காலனிக்கும் இடையில் இருந்த அந்த அவமானகரமான கயிறு அறுந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. அறுந்ததற்குப் பதிலாக வேறு எதையும் நாம் கட்டவில்லை என்பதுதான் விஷயம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் காதலித்தார்கள். 2003இல் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் வன்னியப் பெண்ணையும் அவள் மணந்துகொண்ட தலித் பொறியாளரையும் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத்தில் அந்த வழக்கின் தீர்ப்பு வர 2021 ஆயிற்று.

2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் நடந்ததைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே ஒரு கலப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து மூன்று குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். எரிந்தவை கூரைகள் அல்ல. பீரோ, டிவி, பைக், சான்றிதழ். ஆட்களைத் தொடவில்லை, அவர்கள் சம்பாதித்ததைத் தொட்டார்கள். நாளைக்கு நடவுக்கு இவளைக் கூப்பிட வேண்டுமே என்கிற நினைப்பு 1987இல் தீ வைத்த கையைத் தடுக்கவில்லை, ஆனால் ஒரு மாதத்தில் வரப்பில் கொண்டுவந்து நிறுத்தியது. நத்தத்தில் அப்படி நிறுத்த எதுவும் மிச்சம் இல்லை. 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு அன்று, காலனி வீடுகள் தாக்கப்பட்ட செய்தியில் மறுபடி அந்தப் பெயரைப் படித்தேன்: பொன்பரப்பி. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு சாதி ஒழியாமல் தமிழ்நாட்டுக்கு விடுதலை இல்லை என்று பேசிக்கொண்டிருந்த ஒருவரை அடித்துக் கொன்ற அதே ஊர்.

எங்கள் பக்கத்தில் சாதி தெரியாமல் ஒரு ஊரைக் கட்டிப் பார்த்த சோதனையும் நடந்திருக்கிறது. அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கிராமங்களைக் காலி செய்து, நேர்க்கோட்டில் தெரு போட்டு, வட்டம் வட்டமாக எண் கொடுத்து ஒரு நகரியம் எழுப்பினார்கள். எங்கள் ஊர்களில் ‘எந்தத் தெரு’ என்று ஒருவர் கேட்டால் அது சாதியைக் கேட்பது. நெய்வேலிக்காரர் வட்டத்தின் எண்ணைச் சொல்வார். அதில் தெரிவது சம்பளப் படி. வீடு சம்பளப் படியின்படி ஒதுக்கப்பட்டதால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை ஊழியர் தீர்மானிக்க முடியாது. அங்கே வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்குப் பக்கத்து வீட்டுச் சாதி கல்யாணப் பத்திரிகை வந்தபோதுதான் தெரிந்தது. அதற்காக அதைச் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. வேலிக்கு உள்ளே நிரந்தர ஊழியர், வெளியே ஒப்பந்தத் தொழிலாளி என்று புதிய கோடு ஒன்று விழுந்தது. நிலத்தைக் கொடுத்தவரின் பேரன் அதே நிலத்துக்கு அடியில் ஒப்பந்தக் கூலியாக இறங்கினான். 2014 மார்ச்சில் சுரங்க வாசலில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியைப் பாதுகாப்புப் படைக்காரர் சுட்டுக் கொன்றார். 2020இல் அனல்மின் நிலையத்தில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை கொதிகலன் வெடித்துச் செத்தவர்களில் பெரும்பாலோரும் ஒப்பந்தக்காரர்களே.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பால் பிடிக்கிற பருவத்து நெல்லுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடுவதற்கான கால்வாய் வேலை. அந்த நிலத்தைப் பல வருஷம் முன்பே எடுத்தாகிவிட்டது, அதில் பயிர் வைத்தது அவர்கள் பிழை என்றது நிறுவனம். காகிதத்தில் அது சரி. அறுப்புக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணத் தெரிந்த எவரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாகச் சொன்னார். ஏக்கருக்கு நாற்பதாயிரம் இழப்பீடு என்று முடிந்தது. 28ஆம் தேதி பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலி ஆர்ச் கேட்டில் முற்றுகை அறிவித்தது. அன்புமணியைக் கைது செய்து வேனில் ஏற்றியதும் கல் பறந்தது. போலீஸ் வண்டிகள் உடைந்தன. கண்ணீர்ப்புகை, வானத்தைப் பார்த்துத் துப்பாக்கிச் சூடு.

அன்றைக்கு ஆர்ச் கேட்டில் நின்ற பெரியவர்களில் சிலர் 1987இல் ரம்பம் பிடித்தவர்களாக இருக்கக்கூடும். இந்த முறை கோரிக்கை வெளிப்படையாக நியாயமானது, மரமும் சாயவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அந்த நாற்பதாயிரம் பட்டாவில் பேர் உள்ளவருக்குப் போகும். அந்த வயலில் நட்டு, களையெடுத்து, அறுப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு எந்தக் கணக்கிலும் பேர் இல்லை. மேடையில் பேசிய எந்தக் கட்சியும் அவர்களை எண்ணவில்லை. புளிக்கு ஓடு தட்டிய பெண்களை மறியல் எண்ணாததைப் போலத்தான். நிலம் இழந்தவரும் நிலமே இல்லாதவரும் ஒன்றாக நிற்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இந்த மாவட்டத்தில் இனி வராது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று முந்திரிக் காட்டையும் பலா மரங்களையும் வேரோடு பிடுங்கிப் போட்டது. 2015 நவம்பரில் ஒரே நாள் மழையில் குறிஞ்சிப்பாடி வட்டத்துக் கிராமங்கள் மூழ்கின. சுரங்கத்து மண்மேடுகளிலிருந்து இறங்கிய தண்ணீரும் சேர்ந்துகொண்டது என்று ஊர்க்காரர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கடலூர் மக்கள் எதையும் தாங்குவார்கள் என்று பத்திரிகைகள் எழுதின, அமைச்சர்கள் பேசினார்கள். இந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். தாங்குகிறவர்களைப் பாராட்டுவது சுமத்துகிறவர்களுக்கு வசதி. எங்கள் நெசவாளர் தெருவில் தானே புயலில் தறிக்குழிக்குள் தண்ணீர் நின்றது. பாவு நனைந்து கஞ்சி கரைந்துபோன பிறகும் பொங்கலுக்குக் கைலி கொடுக்க வேண்டும் என்று வாளியில் இறைத்துவிட்டு உட்கார்ந்து நெய்தார்கள். அது வீரம் இல்லை, முதலாளியிடம் வாங்கிய முன்பணம். தாங்கினார்கள் என்று சொல்லுங்கள், கூடவே எதற்காக என்றும் கேளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு வடலூரைச் சொல்லாமல் விட முடியாது. குறிஞ்சிப்பாடி வட்டத்துக்குள்தான் அது இருக்கிறது. வள்ளலார் 1867 மே மாதம் தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார், 1872 ஜனவரியில் சத்திய ஞானசபையைத் திறந்தார். சன்மார்க்க அன்பர்கள் அந்த அடுப்பைப் பற்றி நிறையச் சொல்வார்கள். நான் பார்ப்பது வாசல்களை. சபைக்குள் நுழைய நிபந்தனை உண்டு. கொலையையும் புலாலையும் விட்டவர்கள்தான் போகலாம் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. தருமசாலைக்கு அப்படி எதுவும் இல்லை. பசி என்று வந்தால் போதும், யார், என்ன தின்கிறவன் என்று யாரும் கேட்பதில்லை. கொள்கைக்கு வாசலில் காவல் வைத்தவர் சோற்றுக்கு வைக்கவில்லை. இந்த இரண்டு வாசலையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை. நாங்கள் பார்த்த எழுச்சிகள் எல்லாமே, இடதோ சாதியோ, குழப்பிக்கொண்டவைதான்: நம் ஆளா என்று பார்த்துத்தான் பசியையே எண்ணின.

இந்த இடத்தையும் அரசியல் விட்டுவைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சுமார் நூறு கோடி ரூபாயில் வள்ளலார் பன்னாட்டு மையத்துக்கு ஞானசபைப் பெருவெளியில் முதலமைச்சர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அந்தப் பெருவெளி வள்ளலார் காலத்தில் பார்வதிபுரத்துக்காரர்கள் கொடுத்த நிலம், எண்பது காணி என்பார்கள். தைப்பூசத்தன்று ஏழு திரை விலக்கி ஜோதி காட்டும்போது லட்சக்கணக்கில் ஜனம் நிற்பது அங்கேதான். யாரும் யாருக்கும் பின்னால் இல்லை, முன்னுரிமை வரிசையும் இல்லை. ஏப்ரல் 8ஆம் தேதி, மையத்துக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் பார்வதிபுரம் மக்கள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக அவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கட்சிகள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன, அறிக்கை விட்டன. வழக்கு உயர்நீதிமன்றம் போனது.

நன்கொடை கொடுத்தவர் வம்சத்துக்கு நிலத்தின் மேல் சட்டப்படி என்ன உரிமை என்று கேட்டவர்கள் உண்டு. என் நண்பர்களிலேயே உண்டு. ஆனால் அவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தங்களுக்கு வேலை கொடு என்றோ பேர் போடு என்றோ கேட்கவில்லை. யாரும் எவரையும் விலக்காமல் நிற்கிற அளவுக்கு அது காலியாகவே இருக்கட்டும், மையத்தை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். தனக்கு என்று எதுவும் கேட்காத ஒரு போராட்டத்தை என்ன செய்வது என்று அதிகாரிகளுக்கு விளங்கவில்லை. முத்தரப்புப் பேச்சுக்குக் கூப்பிட்டால் பேச அவர்களிடம் பேரம் இல்லை. சாலையை மறிக்கவில்லை, வண்டியை உடைக்கவில்லை, எந்தத் தெருவையும் நோக்கிப் போகவில்லை. தாத்தா கொடுத்த மண்ணில் தோண்டிய குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு வழக்கு.